பாவுக்கஞ்சியும் எலியும்: காஞ்சிபுரத்துக் காப்பறைகளின் வரலாறு

காஞ்சிபுரத்தின் வரலாறு பெரும்பாலும் கோயில்களின் வரலாறாகவும் பட்டு நெசவின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. இவ்விரண்டையும் இரவுதோறும் அரித்துவந்த எலிக்கு அந்த எழுத்தில் இடம் கிடைத்ததில்லை. ஆயினும் கோயிலின் மடைப்பள்ளியும் நெசவாளர் வீட்டுத் தறியும் அரிசியைச் சார்ந்தே இயங்கியவை என்பதையும், அரிசி புழங்கும் இடமெல்லாம் எலி புழங்கும் இடமே என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்நகரில் பொருளைச் சேர்த்துவைக்கும் அறைகள், கொட்டகைகள், பெட்டிகள் ஆகியவை ஏன் அவ்வாறு அமைந்தன என்பதற்கு ஓரளவு விளக்கம் கிடைக்கிறது. நகருக்குள் எலியை விலக்கிவைப்பதும் நகருக்கு வெளியே வயலில் அதைக் கொல்வதும் நெடுங்காலம் இரு வேறு வேலைகளாக, இரு வேறு மக்களின் பொறுப்பாக இருந்தன; 20-ஆம் நூற்றாண்டில் வந்த நஞ்சு அந்தப் பிரிவினையைக் கலைத்தது.

எலி என்று பொதுவாகச் சொன்னாலும் இங்கே புழங்குவது ஓரினம் அன்று. ஓட்டுக் கூரையிலும் பரணிலும் ஏறி வாழ்வது வீட்டெலி. பெட்டிக்கும் சுவருக்கும் இடையிலான சிறு இடுக்கில் குடியேறுவது சுண்டெலி. சாக்கடையிலும் கட்டடத்தின் அடித்தளத்திலும் வளை தோண்டுவது பெருச்சாளி. நெல்வயலின் வரப்பில் வளை அமைத்துக் கதிரை இழுத்துச் சேர்ப்பது வரப்பெலி. பிள்ளையாரின் ஊர்தியாகச் சொல்லப்படும் மூஞ்சூறு விலங்கியல்படி எலியினத்தைச் சேர்ந்ததே அன்று. அது பூச்சிகளைத் தின்னும் வேறொரு வகை உயிர். ஆகவே அது தானியத்துக்குச் செய்யும் கேடு சிறிது, ஓரளவு நன்மையும் உண்டு. நெசவாளர் மிகுந்து வாழும் பிள்ளையார்பாளையத்தில் தெருப் பிள்ளையாரின் காலடியில் அமர்ந்திருப்பது எதுவாயினும், தறிக்குப் பகையாக இருந்தவை முதல் இரண்டுமே.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. அவற்றின் முன்புறத்தில் மட்டும் கடினமான மேற்பூச்சு இருப்பதால், பின்புறம் விரைவில் தேய்ந்து, பல் எப்போதும் உளிபோல் கூராகவே நிற்கிறது. உண்பதற்குப் பயன்படாத மரம், நூல், தோல், கம்பி உறை ஆகியவற்றையும் அது கொறிப்பது இதனால்தான். சுண்டெலி நுழைய ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் இடைவெளியும், வளர்ந்த எலி நுழைய அதைப்போல் இரு மடங்கு இடைவெளியும் போதுமானவை. மரக்கதவும் மண்சுவரும் கொண்ட பழைய வீட்டில் இந்த அளவுள்ள இடைவெளி இல்லாத அறை ஒன்றைக் காண்பது அரிது. அறையைக் காப்பதைக் காட்டிலும் அறைக்குள் இருக்கும் பொருளைத் தனித்தனியே காப்பது என்னும் வழக்கம் இதிலிருந்து பிறந்தது.

இந்த வழக்கத்தின் தொன்மைக்கு இலக்கியச் சான்று உண்டு. காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, அந்நாட்டு உழவர் ஊர்களில் ஏணிக்கும் எட்டாத உயரமுடைய நெற்கூடுகள் நின்றதைச் சொல்கிறது. கூடு என்பது நெல்லைக் கொட்டிவைக்கும் உயர்ந்த கலம். உச்சியில் வாய் வைத்து மேலிருந்து நிரப்பும் இவ்வமைப்பு இடத்தைச் சிக்கனப்படுத்துவதோடு தரையில் திரியும் எலிக்கு வாயிலை எட்டாமலும் செய்கிறது. புறநானூற்றின் 190-ஆம் பாட்டில் சோழன் நல்லுருத்திரன், பிறர்க்குப் பயன்படாமல் பொருள் சேர்ப்போரை, விளைந்த கதிரைக் கொண்டுபோய் வளையில் நிறைக்கும் எலிக்கு ஒப்பிடுகிறான். வரப்பெலியின் இந்தச் சேமிப்புப் பழக்கம் அவ்வளவு பழங்காலத்திலேயே நன்கு அறியப்பட்டிருந்தது. அந்தச் சேமிப்பே பிற்காலத்தில் ஒரு மக்கள் குழுவின் உணவாக ஆனது என்பதைப் பின்னர் காணலாம்.

வீட்டளவில் கூட்டின் இடத்தைப் பிடித்தது குதிர். களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து வளையம் வளையமாகச் செய்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, மூட்டுகளை மண்ணால் பூசி, மேல்மூடியையும் மண்ணாலேயே அடைத்துவிடும் நெற்கலம் அது. நெல்லை எடுக்க அடியில் ஒரு துளையும் அதற்கு ஓர் அடைப்பும் இருக்கும். வசதியுள்ள வீடுகளில் பலகைகளால் செய்த பத்தாயம் இருந்தது. பாலும் வெண்ணெயும் உறியில், அதாவது உத்தரத்திலிருந்து தொங்கும் கயிற்று வலையில் இருந்தன.

கோயிலின் நிலை வேறு. வரதராசப் பெருமாள் கோயிலின் விசயநகரக் காலக் கல்வெட்டுகள் பல, இறைவனுக்குப் படைக்கும் அமுதுக்காக அளிக்கப்பட்ட நிவந்தங்களைப் பதிவு செய்கின்றன. நிவந்தம் என்பது குறித்த ஒரு பணிக்காக நிலமாகவோ பொன்னாகவோ கோயிலுக்கு எழுதிவைக்கும் கொடை. அரிசி, பருப்பு, நெய், மிளகு ஆகியவை அளவு குறித்துச் சொல்லப்படும் இக்கல்வெட்டுகளை வாசிப்பவர் கோயிலின் செல்வத்தை வியப்பதே வழக்கம். ஆனால் அத்தனை நெல்லும் பருப்பும் ஓரிடத்தில் மாதக்கணக்கில் கிடந்தன என்பதே எலியின் வரலாற்றுக்கு வேண்டிய செய்தி. இன்றும் அக்கோயிலின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இட்லி, அரிசியும் உளுந்தும் அரைத்து, நெய்யும் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைப்பது. மடைப்பள்ளி எவ்வளவு இடையறாது இயங்கியது என்பதற்கு அதுவே போதிய அடையாளம்.

பெரிய கோயில்கள் நெல்லைக் காத்த முறையைக் காட்டும் கட்டடங்கள் காவிரிக் கரையில் நல்ல நிலையில் எஞ்சியுள்ளன. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில், தஞ்சை நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட செங்கல் களஞ்சியம் 3,000 கலம் நெல் கொள்ளும் என்று சொல்லப்படுகிறது. திருவரங்கம் கோயிலிலும் பெரிய வட்டக் களஞ்சியங்கள் நிற்கின்றன. இவை வட்டமாகக் கட்டப்பட்டதற்கு நெல்லின் அழுத்தத்தைச் சுவர் சீராகத் தாங்க வேண்டும் என்பதே முதற் காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் மூலையோ உத்தரமோ இல்லாத, சுண்ணச் சாந்து பூசிய வழவழப்பான சுவரில் எலிக்கு ஏறப் பிடிமானம் கிடைப்பதில்லை என்பதும் அதே வடிவத்தால் விளைந்த பயனே. கொல்லாமல் விலக்குவது என்னும் முறையின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு இந்தக் களஞ்சியங்கள்தாம்.

நெல் மட்டும் கோயிலின் சொத்தன்று. வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசி பிரம்மோற்சவத்தில் வெளிவரும் கருடனும் அனுமனும் யானையும் குதிரையும் ஆண்டின் மற்ற நாட்களில் வாகன மண்டபத்தில் நிற்கின்றன. தேர் தேரடிக் கொட்டகையில் நிற்கிறது. ஊர்தியை நிறுத்திவைக்கும் கொட்டகை என்ற பொருளில் பார்த்தால் இந்நகரின் மிகப் பழைய கார் ஷெட்டுகள் இவைதாம். வாகனத்தின் மரமும் உலோகத் தகடும் எலிக்கு ஒரு பொருட்டல்ல. தேரை அலங்கரிக்கும் துணிச்சீலைகள், தொம்பைகள் எனப்படும் உருளை வடிவத் தொங்கல்கள், குடைகள், வடக்கயிறு ஆகியவையே அது கூடுகட்ட விரும்பும் பொருட்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறக்கப்படும் அறையில், அசையாமல் கிடக்கும் துணிக்குவியலைவிட எலிக்கு ஏற்ற இடம் வேறில்லை. நின்றுகொண்டே இருக்கும் ஊர்தியில்தான் எலி சேரும் என்பது மரத்தேர் காலத்து உண்மை. அது மோட்டார் காருக்கும் அப்படியே பொருந்துகிறது.

தறியின் கதை இவற்றினும் நுணுக்கமானது. காஞ்சியில் நெடுங்காலம் பருத்தி நெசவே தழைத்தது. கைக்கோளர் என்னும் செங்குந்தரும், தெலுங்கு நாட்டிலிருந்து வந்த பத்மசாலியரும் தேவாங்கரும், சௌராட்டிரரும் நெய்த இந்நகரில் பட்டு முதலிடம் பெற்றது கடந்த இரு நூற்றாண்டுகளில் நிகழ்ந்த மாற்றமே. பருத்தியாயினும் பட்டாயினும் நெசவுக்கு முன் பாவுக்குக் கஞ்சி வேண்டும். பாவு என்பது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் இழைகளின் தொகுதி. குறுக்கே நாடாவில் ஓடும் இழை ஊடை. பாவிழை ஒவ்வொரு மிதிப்புக்கும் மேலும் கீழும் உரசிக்கொண்டே இருப்பதால், அது பிசிறாமல் அறாமல் இருக்க, விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைப் பூசி, வெயில் ஏறுமுன் உலர்த்திச் சுருட்டுவது வழக்கம். பருத்திக்குக் கஞ்சி மிகுதி, பட்டுக்குக் குறைவு. தறியில் ஏறிய பாவு, வீட்டின் நடுக்கூடத்தில், பல நாட்கள், அரிசியின் மணத்தோடு, எலியின் உயரத்தில் நீண்டு கிடக்கிறது.

பட்டு எலிக்கு உணவாவதில்லை. கச்சாப் பட்டிழையின் மேல் செரிசின் எனப்படும் பசைப்புரதம் அதன் எடையில் நான்கில் ஒரு பங்குவரை இருக்கும். சாயமிடுவதற்கு முன் சோப்புநீரில் கொதிக்கவைத்து அது நீக்கப்பட்டுவிடுகிறது. ஆக, தறியில் இருக்கும் பட்டில் எலியை இழுப்பது கஞ்சியும், கூடுகட்ட உதவும் மென்மையும், பல்லைத் தேய்க்கும் தேவையுமே. அது தின்று தீர்ப்பது ஒரு பிடி சோறுகூட இராது; ஆனால் கெடுப்பது ஒரு புடவை. பாவிழைகள் சில அறுந்தால் ஒவ்வொன்றையும் தேடிப் பிணைத்து விழுதிலும் அச்சிலும் மறுபடி கோத்து நெய்துவிடலாம். நெய்து முடித்துப் படமரத்தில் சுற்றிய துணியில் பல் பட்டால் அதற்கு மருந்தில்லை. சுற்றிய துணியில் ஓரிடத்தில் கடித்த கடி, விரிக்கும்போது அடுத்தடுத்த மடிப்புகளிலெல்லாம் துளையாகத் தெரியும். சரிகைக் கரையில், அதாவது வெள்ளித் தகடு சுற்றிப் பொன்முலாம் பூசிய இழையால் நெய்த கரையில், அது நேர்ந்தால் புடவை விலை போகாது.

இந்த இழப்பு யார் கணக்கில் ஏறியது என்பதே முதன்மையான கேள்வி. காஞ்சிபுரத்தில் பட்டும் சரிகையும் பெரும்பாலும் நெசவாளருடைய பொருளன்று. முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ மூலப்பொருளை நிறுத்துக் கொடுத்து, நெய்த புடவையை நிறுத்து வாங்கி, சேதாரத்துக்கு ஒரு சிறு அளவு கழித்துக் கணக்கு முடிக்கும் முறை இங்கே வேரூன்றியது. பட்டு மற்றவருடையது, வீடு நெசவாளருடையது, எலி வீட்டைச் சேர்ந்தது என்ற கணக்கில், கடிபட்ட இழையின் விலை கூலியில் கழிக்கப்பட்டோ முன்பணத்தோடு சேர்க்கப்பட்டோ நெசவாளர் தலையில் விழுந்தது. முன்பணம் என்பது வேலைக்கு முன்பே வாங்கி, வேலையால் கழித்துக்கொண்டே போகும் கடன். அது எளிதில் தீர்வதில்லை. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெருகிய கூட்டுறவுச் சங்கங்கள் முதலாளியின் பிடியைப் பெரிதும் தளர்த்தின என்றாலும், எடைக்கணக்கு முறையை மாற்றவில்லை. கோயிலின் நெல்லை எலி தின்றால் அது பண்டாரத்தின் சேதாரம். நெசவாளரின் வீட்டில் எலி கடித்தால் அது குடும்பத்தின் கடன்.

எனவே தறிக்கூடத்தில் எலிக்காப்பு என்பது ஒவ்வொரு மாலையும் செய்ய வேண்டிய வேலையாயிற்று. தறியைத் துணியால் மூடுவதும், தார் சுற்றிய குழல்களையும் சரிகைக் கண்டுகளையும் மூடியுள்ள பெட்டியில் வைப்பதும், நெசவாளர் கால் வைக்கும் தறிக்குழியைக் கூட்டித் துப்புரவாக வைப்பதும், கூடத்தில் சோற்றுப் பருக்கை சிந்தாமல் பார்ப்பதும் பெரும்பாலும் பெண்களின் பொறுப்பில் நடந்தன. நெசவின் நுட்பத்தைப் புகழும் எழுத்தில் இந்த உழைப்பு எண்ணப்படுவதே இல்லை.

இதே சிக்கலில் சப்பானின் அனுபவம் முற்றிலும் வேறு வழியில் சென்றது. அங்கே பட்டு நெசவு மட்டுமன்றிப் பட்டுப்புழு வளர்ப்பும் வீட்டிலேயே நடந்தது. எலிக்குப் பட்டுப்புழு நல்ல இரை. ஆகவே பூனை அங்கே உழவனின் செல்வமாயிற்று. பூனை வாங்க இயலாதோர் பூனையின் படத்தைப் புழு வளர்க்கும் அறையில் மாட்டினர். தாசிரோசிமா தீவில் பூனைக்கு ஒரு கோயிலே எழுந்தது. 1602-இல் கியோட்டோ நகரில் பூனைகளைக் கட்டிவைக்கக் கூடாது, அவிழ்த்துவிட வேண்டும் என்று ஆணை பிறந்தது. காஞ்சிபுரத்துக்கோ பட்டு, கருநாடகத்திலிருந்து இழையாகவே வந்தது. புழுவுக்கு இங்கே வேலை இல்லை. விரித்த இழைகளுக்கு நடுவே பாயும் பூனை எலியைவிடச் சிறிய கேடு என்று சொல்வதற்கும் இல்லை.

நகருக்கு வெளியே வயல்களில் நிலைமை நேர்மாறானது. அங்கே விலக்குவது இயலாது, கொல்வதே வழி. தஞ்சைப் பகுதியில் பெயர்பெற்ற கிட்டி, மூங்கிலை வளைத்து வில்லாக்கி, இரையைத் தொட்டதும் கயிறு இறுகும்படி செய்த பொறி. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் எலி பிடிக்கும் வேலை இருளர் என்னும் பழங்குடியினருடையது. அவர்கள் வரப்பில் வளையின் வாய்களைக் கண்டறிந்து, மற்றவற்றை அடைத்துவிட்டு, ஒன்றில் மட்டும் வைக்கோல் திணித்துத் தீமூட்டிய மண்பானையின் வாயை வைத்து, பானையின் அடியில் இட்ட துளை வழியே வாயால் ஊதிப் புகையை உள்ளே செலுத்துவர்; மயங்கிய எலியைத் தோண்டி எடுப்பர். அறுவடைக்குப் பின் ஒரு வளையில் சில கிலோ நெற்கதிர்கூடச் சேர்ந்திருக்கும். அதுவும் எலியின் இறைச்சியும் அவர்களுக்கு உணவு. நிலமுடையோர் கொடுத்த கூலி சிறிது. உதடும் கையும் வெந்து, நெஞ்சில் புகை ஏறிச் செய்த இந்த வேலையால் காக்கப்பட்ட நெல்லே கோயில் களஞ்சியத்துக்கும் பாவுக்கஞ்சிக்கும் வந்துசேர்ந்தது. வயலில் கொல்லும் கையும் கோயிலில் படைக்கும் கையும் ஒன்றையொன்று தொடாதபடி சமூகம் பார்த்துக்கொண்டது. நகரின் கொல்லாமை இருளரின் கொலைத்தொழில்மீது நின்றது என்று சொல்வது கடுமையாகத் தோன்றினாலும் தவறாகாது.

1896-இல் பம்பாயை அடைந்த பிளேக் நோய் எலியைப் பொருட்சேதத்தின் காரணி என்னும் நிலையிலிருந்து உயிர்ச்சேதத்தின் காரணி என்னும் நிலைக்கு மாற்றியது. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி நோயைக் கடத்துகிறது என்று 1898-இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சீமோன் காட்டினார். அதே ஆண்டில் பெங்களூரும் நோய்க்கு ஆளாயிற்று. அதுமுதல் எலி ஒழிப்பு நகராட்சியின் சுகாதாரப் பணிகளுள் ஒன்றாயிற்று. 1866-இல் அமைந்த காஞ்சிபுரம் நகராட்சி போன்ற அமைப்புகளுக்கு அதற்கு முன் எலி ஒரு நிருவாகப் பொருளாக இருந்திருக்க இயலாது.

அடுத்த மாற்றம் நஞ்சு. துத்தநாகப் பாஸ்பைடு, 1948-க்குப் பின் உலகெங்கும் பரவிய வார்ஃபரின், மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை ஆகியவை கடைகளுக்கு வந்தன. பாவுக்கு வலுவூட்டிய அரிசியே இப்போது எலிக்கு நஞ்சூட்டும் இரையாகவும் ஆயிற்று. பொரியிலோ அரிசியிலோ எண்ணெயும் மருந்தும் பிசைந்து வைப்பது வழக்கமாயிற்று. இந்த நஞ்சுகள் எலியைவிட மனிதரையே மிகுதியாக வாட்டின என்று சொல்லத் தோன்றும் அளவுக்குத் தற்கொலைகளும் தற்செயல் மரணங்களும் நேர்ந்ததால், மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்குத் தமிழ்நாடு அரசு 2020களில் தடை விதித்தது. 2024 நவம்பரில், காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த குன்றத்தூரில், அடுக்குமாடி வீடொன்றில் தொழில்முறையாக வைக்கப்பட்ட எலிமருந்தின் நச்சுக்காற்றால் இரு குழந்தைகள் உயிரிழந்தனர். வயலுக்குரிய கொலைமுறை உறங்கும் அறைக்குள் நுழைந்ததன் விலை அது.

இருளர்களின் கதையும் இதே காலத்தில் திரும்பியது. பாம்புத்தோல் வணிகம் செழித்த காலத்தில் அவர்கள் சாரைப்பாம்புகளைப் பெருமளவில் பிடித்து விற்றனர். எலியின் இயற்கைப் பகையே சாரை என்பதால், தோல் ஏற்றுமதியால் வயல் இழந்தது கொஞ்சமன்று. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின் வந்த ஏற்றுமதித் தடையும் அவர்களின் பிழைப்பை முடக்கின. 1978-இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு, பாம்பின் நஞ்சை எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு விற்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அது வடநெம்மேலியில் இயங்குகிறது. எலிபிடிக்கும் மண்பானைக்கு மாற்றாக, வாயால் ஊதத் தேவையின்றிக் கையால் சுழற்றிப் புகை செலுத்தும் எஃகுக் கருவி ஒன்றுக்கு 2003-இல் உலக வங்கியின் போட்டியொன்றில் பரிசுத்தொகை கிடைத்து, அது இருளர் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டது. மூச்சை விலையாகக் கொடுக்காமல் எலி பிடிக்கும் வழி அவர்களுக்குக் கிடைக்க 21-ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் நகரின் வீடுகள் மாறின. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கிய பின் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதி மோட்டார்த் தொழிலின் களமாயிற்று. நெசவுக் குடும்பங்களின் அடுத்த தலைமுறையில் பலர் அந்த ஆலைகளுக்கு வேலைக்குச் சென்றனர். தறி நிறுத்தப்பட்ட நடுக்கூடங்களிலும், திண்ணை இடிக்கப்பட்ட முன்பகுதிகளிலும் இருசக்கர வாகனமும் காரும் வந்து நின்றன. எலி இடம் மாறவில்லை. ஓட்டத்துக்குப் பின் சூடாக இருக்கும் எஞ்சின் அறை அதற்குக் கதகதப்பான குடில். அங்கே கூடுகட்டிய எலி, கம்பிகளின் உறையைப் பல் தேய்க்கக் கொறிக்கிறது, ஒலி தடுக்கும் பஞ்சைக் கூட்டுக்கு எடுக்கிறது. வெளிநாடுகளில் ஹோண்டா நிறுவனம், மிளகாயின் காரப்பொருள் கலந்த நாடாவைக் கம்பிமீது சுற்ற விற்பனை செய்கிறது. காஞ்சிபுரத்துக் கார் ஷெட்டில் அதைவிட முதலில் பார்க்க வேண்டியவை வேறு: காருக்குப் பக்கத்தில் இடமிருக்கிறதே என்று அடுக்கிய ரேஷன் அரிசி மூட்டை, மூலையில் கட்டிவைத்த பழைய தறித்துணி, இரும்பு ஷட்டருக்கும் சிமெண்டுத் தரைக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி, வாரக்கணக்கில் எடுக்கப்படாமல் நிற்கும் வண்டி. மூட்டையை மூடியுள்ள டிரம்முக்கு மாற்றி, இடைவெளியைத் தகரப் பட்டையால் அடைத்து, வண்டியை அவ்வப்போது ஓட்டி, பெட்டிப் பொறியில் தேங்காய்க் கீற்றோ கருவாடோ வைத்துப் பிடிப்பவர்கள், குதிரும் பத்தாயமும் வைத்திருந்த தலைமுறை செய்ததையே செய்கிறார்கள். ஒரு வேறுபாடு, கடிபட்ட கம்பிக்கான செலவு இப்போது முன்பணக் கணக்கில் ஏறாமல் மெக்கானிக் கடைக்குப் போகிறது.